பூனைக்கு வாங்கிய கழுத்து



இது கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து ஆறுதலாக வாசியுங்கள்.

சில வாரங்களுக்கு முன் கோழிக்கடையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு தாய். அவருடைய பிள்ளை எங்கள் பாடசாலையில் படிக்கிறது. கடைக்காரரிடம் மெதுவாக, "ஒரு கிலோ கழுத்தும் முதுகும் தாங்க" என்றார். திரும்பியபோது என்னைக் கண்டுவிட்டார். முகம் மாறிவிட்டது. நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே, "பூனைக்கு சேர்" என்றார்.

ஒரு கிலோ கழுத்துச் சாப்பிடும் பூனை எந்த வீட்டில் இருக்கிறது?

சலாம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்த வார்த்தை கூடவே வந்தது. கழுத்தும் முதுகும் வாங்குவது மறைக்க வேண்டிய காரியமாக எப்போது ஆனது? வரலாறு படிப்பிக்கிறவன் என்பதால் அந்தக் கேள்வியை வரலாற்றிடமே கொண்டு போனேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கடைசியில் சமையலும் இருக்கிறது.

1. அரசன் சொன்ன கோழி எந்தக் கோழி?

பிரான்ஸை 1589 முதல் 1610 வரை ஆண்ட நான்காம் ஹென்றி, தன் நாட்டின் ஒவ்வொரு குடியானவனும் ஞாயிற்றுக்கிழமைகளில் பானையில் ஒரு கோழி வைத்துச் சமைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதாகச் சொல்வார்கள். பல வருட மதச் சண்டையில் நொந்துபோன நாடு அது. அதனால் அந்த ஆசை மக்கள் மனதில் நின்றுவிட்டது.

அதில் ஒரு நுணுக்கம் உண்டு. பிரெஞ்சு மொழியில் அந்தக் கோழிக்கு வரும் சொல் 'பூல்'. அது பெட்டைக் கோழியைக் குறிக்கும் சொல். இளங்கோழிக்கு வேறு சொல் இருக்கிறது. குடியானவன் வீட்டில் முட்டையிடுகிற கோழியை யாரும் அறுக்கமாட்டார்கள். முட்டை நின்ற பிறகுதான் அது பானைக்கு வரும். அதாவது அரசன் ஆசைப்பட்டது கிழட்டுக் கோழிக்கு. அதை வறுத்தால் பல்லுக்குத் தாங்காது. அதனால்தான் பேச்சில் சட்டியோ கம்பியோ வரவில்லை, தண்ணீர் நிறைந்த பானை வந்தது. காய்கறிகளோடு சிறு தீயில் மணிக்கணக்காகக் கிடந்துதான் அந்தக் கோழி இளகும். அந்தச் சமையல் இன்றும் பிரான்ஸில் பெருமையோடு பரிமாறப்படுகிறது.

நம் ஊர்களிலும் கதை வேறில்லை. உம்மம்மாமார் காலத்தில் ஊர்க்கோழி என்றால் முட்டை, குஞ்சு எல்லாம் தந்து முடித்த கோழிதான். விருந்தாளி வந்தால் அறுப்பார்கள். விறகடுப்பில் மண்சட்டி ஏறினால் இறங்க லுஹர் ஆகிவிடும். அது வறுமைச் சாப்பாடு என்று அன்று யாரும் சொல்லவில்லை.

2. எலும்பைக் கரைத்த வைத்தியர்

கிழட்டு இறைச்சியை இளக்க நேரம் வேண்டும். நேரம் என்றால் விறகு. விறகு என்றால் காசு. மலிவான இறைச்சியின் பழைய சிக்கல் இதுதான். வாங்கும்போது மிச்சம் பிடித்த காசை அடுப்பு தின்றுவிடும். 2022 இல் கேஸ் வரிசையிலும் மண்ணெண்ணெய் வரிசையிலும் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்தச் சிக்கலை அறிவியலால் அவிழ்க்கப் பார்த்தவர் டெனிஸ் பப்பன். 1647 இல் பிரான்ஸின் புளுவா நகருக்கு அருகில் பிறந்தவர். வைத்தியம் படித்தவர். பாரிஸில் ஹைகன்ஸுக்கு உதவியாளராக இருந்துவிட்டு, லண்டன் போய் றொபர்ட் பொயிலுடன் வேலை செய்தார். 1679 இல் லண்டன் றோயல் சொசைட்டியில் ஒரு பாத்திரத்தைக் காட்டினார். மூடி இறுக்கப்பட்ட, கனத்த இரும்புப் பாத்திரம். நீராவி வெளியேற முடியாததால் உள்ளே அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் அதற்கு மேலும் சூடேறும். அதில் எலும்பும் இளகும். பாத்திரம் வெடிக்காமலிருக்க, பாரம் தொங்கவிட்ட ஒரு வால்வையும் வைத்தார். இன்று நம் குக்கரின் மூடியில் விசிலடிக்கும் பாரம் அதன் பேரப்பிள்ளை.

1681 இல் அதைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். முதிர்ந்த பசுவின் கடினமான இறைச்சியைக்கூட இளம் இறைச்சிபோல மென்மையாக்கலாம் என்பது அதில் அவர் சொன்ன முக்கியமான விஷயம். ஏழைகள் வாங்கக்கூடிய இறைச்சி, எறியப்படும் எலும்பு, குறைந்த நிலக்கரி என்ற மூன்றுமே அவருடைய கணக்கில் இருந்தன.

1682 ஏப்ரலில் றோயல் சொசைட்டி அங்கத்தவர்கள் சிலருக்கு அந்தப் பாத்திரத்திலேயே சமைத்து இராச்சாப்பாடு கொடுத்தார். அங்கே சாப்பிட்ட ஜோன் ஈவ்லின் அதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் பாற்கட்டிபோல இளகியிருந்தனவாம். எரிந்த நிலக்கரி 8 அவுன்ஸுக்கும் குறைவு. எல்லாவற்றிலும் திறமாக இருந்தது புறா என்கிறார். தண்ணீர் ஊற்றாமல் தன் சாற்றிலேயே வெந்த புறா.

1690 இல், உருளைக்குள் முசலம் வைத்து நீராவியால் இயங்கும் இயந்திரம் ஒன்றின் யோசனையை வெளியிட்டவரும் இதே பப்பன்தான். கைத்தொழில் புரட்சி பாடத்தில் நியூகொமன், ஜேம்ஸ் வாட் என்று பாடமாக்குகிறோம். அந்தப் பாதையின் தொடக்கத்தில் கடின இறைச்சியை இளக்கப் பார்த்த ஒரு சமையல் பாத்திரமும் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது குறைவு.

அவருடைய முடிவு கவலைக்குரியது. புரட்டஸ்தாந்து மதத்தவரான அவருக்கு 1685 க்குப் பிறகு சொந்த நாட்டுக்குத் திரும்ப வழியில்லை. ஜேர்மனியில் பேராசிரியராக இருந்துவிட்டுக் கடைசிக் காலத்தில் லண்டன் வந்தார். 1713 அளவில் வறுமையில் இறந்துபோனார். ஏழைகளின் அடுப்பை யோசித்தவருக்குத் தன் அடுப்பில் ஒன்றும் மிஞ்சவில்லை.

3. எலும்புச் சூப்பு ஏமாற்றிய இடம்

வரலாறு ஒரு எச்சரிக்கையும் தருகிறது.

பப்பனுக்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்து, பிரான்ஸில் டார்செ என்ற இரசாயனவியலாளர் எலும்பிலிருந்து ஜெலட்டினைப் பெருமளவில் எடுத்தார். அந்த ஜெலட்டின் சூப்பு இறைச்சிக்குச் சமம் என்று சொல்லி, 1800களின் முற்பகுதியில் பாரிஸ் மருத்துவமனைகளில் ஏழை நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். செலவு குறைவு, எல்லோருக்கும் சந்தோசம். சாப்பிட்டவர்களுக்கு மட்டும் திருப்தியில்லை.

கடைசியில் பிரெஞ்சு அறிவியல் கழகம் ஆராய்வதற்கு ஒரு குழுவை அமைத்தது. தலைவர் உடற்றொழிலியலாளர் மஜொந்தி. நாய்களுக்கு ஜெலட்டினை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அவை மெலிந்தன. 1841 இல் அறிக்கை வந்தது. ஜெலட்டின் இறைச்சிக்கு ஈடாகாது என்பதே அதன் சாரம். காரணம் இப்போது நமக்குத் தெரியும். உடல் தானே உண்டாக்க முடியாத அமினோ அமிலங்களில் ஒன்றான ட்ரிப்டோபேன் ஜெலட்டினில் இல்லை.

ஆகவே கழுத்தும் முதுகும் வாங்கி, அவித்த தண்ணீரை மட்டும் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுச் சத்துக் கொடுத்தேன் என்று இருக்காதீர்கள். அவற்றில் ஒட்டியிருக்கும் இறைச்சியையும் வழித்துச் சாப்பிட வேண்டும். கூடவே பருப்பு, முட்டை, நெத்தலி ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். ஏழைக்கு எலும்புத் தண்ணீர் போதும் என்று தீர்மானித்தவர்கள் பெரும்பாலும் அதைக் குடிக்காதவர்கள்தான்.

4. பப்பாசி வந்த வழி

நம் பக்கத்தில் இறைச்சியை இளக்க அழுத்தப் பாத்திரம் வரும்வரை காத்திருக்கவில்லை. காய்ப் பப்பாசி ஒரு துண்டு போதும்.

ஆனால் பப்பாசி நம் மண்ணின் மரமல்ல. மத்திய அமெரிக்கப் பக்கத்து மரம். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியரும் போர்த்துக்கேயரும் கடல் கடந்தபோது ஆசியாவுக்கு வந்தது. வேலியோரத்தில் தானாக முளைக்கிறதே என்று நினைக்கிறோம். அதுவும் மிளகாயைப்போலக் கப்பலேறி வந்து நம் குசினியில் குடியேறியதுதான்.

பச்சைக் காயின் தோலைக் கீறினால் வரும் பாலில் புரதத்தை வெட்டும் ஒரு நொதியம் இருக்கிறது. 1879 இல் பிரான்ஸின் வூர்ட்ஸ், பூஷூ என்ற இருவரும் அதைப் பிரித்தெடுத்துப் பப்பெயின் என்று பெயர் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய காலத்தில், பப்பாசிப் பாலைக் காயவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பிய நாடுகளில் இலங்கை முன்னணியில் இருந்தது. நம் தோட்டத்துப் பால் எங்கோ ஒரு நாட்டில் இறைச்சி இளக்கும் தூளாக விற்பனையானது. நாம் இன்று அந்தத் தூளைக் கடையில் தேடுகிறோம், பின்வளவில் மரம் நிற்கிறது.

5. கோழி எப்படி இளமையாகிப் போனது?

இனி கதையின் திருப்பம்.

நூறு வருடங்களுக்கு முன் அமெரிக்காவிலும் கோழி என்றால் முட்டைதான். இறைச்சி அதன் உபரி. 1923 இல் டெலவெயர் மாநிலத்தின் ஓஷன் வியூவில் சிசில் ஸ்டீல் என்ற குடும்பப் பெண் முட்டைக்காக 50 குஞ்சு கேட்டு எழுதினார். தவறுதலாக 500 வந்துவிட்டது. திருப்பி அனுப்பாமல் இறைச்சிக்கென்று வளர்த்தார். 18 வாரத்தில் எஞ்சிய 387 கோழிகளை இறாத்தல் 62 சதத்துக்கு விற்றார். நல்ல இலாபம். அயலவர்களும் தொடங்கினார்கள். அந்தப் பிரதேசம் புரொய்லர் தொழிலின் தொட்டிலாயிற்று.

அப்போதும் கோழி மலிவாகிவிடவில்லை. 1928 தேர்தலில் ஹூவரின் கட்சி விளம்பரம் ஒன்று, ஒவ்வொரு பானையிலும் ஒரு கோழி என்ற பழைய ஆசையைத்தான் மறுபடியும் எடுத்துச் சொன்னது. இலகுவாகக் கிடைக்கும் பொருளை யாரும் தேர்தலில் வாக்குறுதி கொடுப்பதில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஏ அன்ட் பி என்ற பெரிய கடைத்தொடர் அமெரிக்க விவசாயத் திணைக்களத்துடன் சேர்ந்து 'நாளைய கோழி' என்ற போட்டியை நடத்தியது. பெரிய நெஞ்சு, தடித்த தொடை, விரைவான வளர்ச்சி. இந்த மூன்றும் கொண்ட கோழியை உருவாக்குபவருக்குப் பரிசு. 1948 இறுதிப் போட்டியில் கலிபோர்னியாவின் சார்ல்ஸ் வான்ட்ரஸ் வென்றார். 1951 இலும் அவரே வென்றார். இன்று உலகம் சாப்பிடும் புரொய்லரின் பரம்பரையில் அந்தக் கலப்பினங்களுக்குப் பெரிய பங்குண்டு.

விளைவு என்ன? இன்று கடைக்கு வரும் புரொய்லரின் வயது 35 முதல் 42 நாட்கள். அது உண்மையில் ஒரு குஞ்சு. எப்படிச் சமைத்தாலும் வெந்துவிடும். அரை மணித்தியாலத்தில் ஆணம் தயார். அதற்குப் பழகிய இரண்டு தலைமுறை, கடினமான கோழியை இளக்கும் கையை மறந்துவிட்டது.

ஆனால் கடினமான கோழி இல்லாமல் போகவில்லை. முட்டைப் பண்ணைக் கோழி 72 வாரம், 80 வாரம் என்று முட்டையிட்டு ஓய்ந்ததும் விலைக்கு வருகிறது. கணக்குப் பாருங்கள், 500 நாளைத் தாண்டிய கோழி. புரொய்லரின் வயதைப்போல 12 மடங்குக்கும் மேல். அதை வாங்கிப் புரொய்லர்போல அரை மணி நேரம் சமைத்துவிட்டு "றப்பர் கோழி" என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். கோழியில் பிழையில்லை. நம்முடைய கடிகாரம்தான் பிழை.

6. ஏன் கடினம், எப்படி இளகும்?

இறைச்சியைக் கட்டி வைத்திருப்பது கொலாஜன் என்ற இணைப்பிழையம். அதிகம் வேலை செய்யும் பாகத்தில் அது அதிகம். கால், கழுத்து, இரைப்பை எல்லாம் நாள் முழுக்க உழைத்தவை. பறக்காத கோழியின் நெஞ்சுக்கு அவ்வளவு வேலையில்லை. வயது கூடக் கூடக் கொலாஜன் இழைகளுக்கிடையிலான பிணைப்பும் இறுகும்.

சூடு 60 பாகையைத் தாண்டும்போது கொலாஜன் சுருங்கும். இறைச்சி முறுகும், நீரை விடும். பலர் இந்தக் கட்டத்திலேயே தொட்டுப் பார்த்துவிட்டு, "கிடக்கக் கிடக்கக் கடினமாகிறதே" என்று அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். பொறுக்க வேண்டும். 70 பாகைக்கு மேல் ஈரத்தோடு நீண்ட நேரம் இருந்தால் அதே கொலாஜன் மெல்ல மெல்ல ஜெலட்டினாகக் கரையும். இறைச்சி இளகும், ஆணமும் தடிக்கும்.

இனி கைமுறை:

ஒன்று. அறுத்த கையோடு சட்டியில் போடாதீர்கள். உயிர் போனதும் தசை விறைக்கும். அந்த விறைப்பில் சமைத்தால் இறைச்சி கடினமாகவே நிற்கும். துப்புரவு செய்து சில மணித்தியாலம், முடிந்தால் ஓர் இரவு, பிரிஜ்ஜில் வைத்துவிட்டுச் சமையுங்கள்.

இரண்டு. உப்பு, மஞ்சள், இஞ்சி, உள்ளி, கொஞ்சம் தயிர் அல்லது தேசிக்காய்ப் புளி சேர்த்துப் பிரட்டி ஊறவிடுங்கள். முட்டைக்கோழியானால் காய்ப் பப்பாசியைத் தோலோடு அரைத்து, கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி அளவில் பூசி அரை மணி நேரம் வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம். கூடினால் வெளிப்புறம் மாவாகிவிடும், உட்புறம் அப்படியே இருக்கும். பழுத்த பப்பாசியில் அந்த வேலை நடக்காது.

மூன்று. தளதளவென்று கொதிக்க விடாதீர்கள். ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போடுங்கள். இடைக்கிடை ஒரு குமிழி வந்தால் போதும். புரொய்லரின் காலுக்கும் கழுத்துக்கும் முக்கால் மணித்தியாலம், இரைப்பைக்கு ஒன்றரை மணித்தியாலம், முட்டைக்கோழிக்கு இரண்டு, இரண்டரை மணித்தியாலம். ஈரல் மட்டும் இதற்கு எதிர். அதைக் கடைசியில் போட்டுச் சில நிமிடத்தில் உள்ளே வெந்ததும் இறக்க வேண்டும். கூடுதலாக வெந்தால் அது கல்.

நான்கு. கப்பிப்பாலில் அவிய விட்டு, தலைப்பாலைக் கடைசியில் ஊற்றுங்கள். முதலே ஊற்றினால் இரண்டு மணித்தியாலத்தில் பால் திரைந்து எண்ணெய் பிரிந்துவிடும். றம்பை, கறுவா, ஏலம் தொடக்கத்திலேயே போகலாம்.

ஐந்து. குக்கர் இருந்தால் பப்பனுக்கு நன்றி சொல்லிவிட்டு அதில் வையுங்கள். உள்ளே ஏறத்தாழ 120 பாகை. இரண்டரை மணித்தியால வேலை 35, 40 நிமிடத்தில் முடியும். வால்வைச் சுத்தமாக வைத்திருங்கள். ஆவி முழுக்கத் தணியாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

ஆறு. குக்கர் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. 1867 பாரிஸ் கண்காட்சியில் 'நோர்வே அடுப்பு' என்று ஒன்றைக் காட்டினார்கள். அது வெறும் பெட்டிதான். கொதிக்கும் பானையை, சூடு வெளியேறாதபடி பொதிந்த பெட்டிக்குள் மூடி வைத்தால் நெருப்பில்லாமலே வேகும். உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் வைக்கோல் பெட்டியில் இப்படிச் சமைத்தார்கள். நீங்களும் 20 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடியைத் திறக்காமல், பானையைப் பழைய போர்வையால் நன்றாகச் சுற்றி ஒரு பெட்டிக்குள் இரண்டு மணித்தியாலம் வையுங்கள். பானை நிறைந்திருந்தால்தான் சூடு நிற்கும். எடுத்ததும் மறுபடி நன்றாகக் கொதிக்க வைத்த பிறகே சாப்பிட வேண்டும். ஆறிப்போகும்வரை விட்டுவிடக் கூடாது.

7. மறுபடியும் கடைவாசலில்

ஆணம் ஆக்கினால் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி அயல்வீட்டையும் கவனிக்கும்படி அபூதர் (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்னதை எல்லோரும் பயானில் கேட்டிருக்கிறோம். கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். தண்ணீர் கூட்டிப் பெருக்கக்கூடிய சாப்பாடு எது? பொரித்த நெஞ்சு இறைச்சியில் தண்ணீர் கூட்ட முடியாது. எலும்பும் கழுத்தும் காலும் கிடந்து வெந்த ஆணத்தில்தான் முடியும். பகிர்வதற்கென்றே அமைந்த சாப்பாடு அது. அதை வாங்கத்தான் ஒரு தாய் பூனையைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருக்கிறது.

2022 இல் கோழி கிலோ 1,000 ரூபாவைத் தாண்டியதிலிருந்து எத்தனையோ வீடுகளில் இதே கணக்குத்தான். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

போன வாரம் கைத்தொழில் புரட்சி பாடத்தில் பப்பன் கதையைச் சொன்னேன். எலும்பு இளகிய இராச்சாப்பாட்டையும் சொன்னேன். கடையில் கண்டதைச் சொல்லவில்லை. "யாருடைய வீட்டில் கழுத்து ஆணம் ஆக்குவீங்க?" என்று மட்டும் கேட்டேன். முதலில் ஒருவரும் அசையவில்லை. நான் என் கையை உயர்த்தினேன். பிறகு பின்வரிசையில் ஒரு கை. அதன்பின் ஒவ்வொன்றாக வகுப்பில் பாதிக்கு மேல். ஒரு மகள் எழும்பி, "சேர், எங்க உம்மா கொறுக்காய் போட்டு ஆக்குவாங்க, நல்லா இருக்கும்" என்றாள். கடைசி மணி அடிக்கும் வரை சமையல் பேச்சுத்தான். பாடம் முடியவில்லை. அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை.

உங்கள் வீட்டில் பழைய கோழியை, கழுத்தை, இரைப்பையை இளக்கும் முறை வேறு ஏதும் இருந்தால் கீழே எழுதுங்கள். உம்மம்மாமார் உயிரோடு இருக்கும் வீடுகள் முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். யாருக்கோ நாளைக்குப் பகல் அது உதவும்.

கோழிக்கடை வரிசையில் முன்னால் நிற்பவர் என்ன வாங்குகிறார் என்று எட்டிப் பார்க்காதீர்கள். பார்த்துவிட்டால், "எனக்கும் அதில ஒரு கிலோ" என்று சொல்லுங்கள்.

நம் எல்லோருடைய அடுப்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.